கோப்பை கழுவின இடத்தில கிடைச்ச குரங்கு

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஒரு சிநேகிதன், ஹோலுக்குள்ள காலை வைச்ச உடன கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மச்சான், உந்தக் குப்பையை இன்னும் எறியேல்லையோ?"

அவன் குப்பை எண்டு சொன்னது என்ர பின்போல் மெசினை. பிரெஞ்சுக்காரர் 'பிளிப்பர்' எண்டு சொல்லுவினம். ஒரு ஒத்தைக் கட்டில் அளவு இடத்தைப் பிடிச்சுக்கொண்டு, நூறு கிலோவுக்கு மேல பாரத்தோட, பதினாலு வருசமா எங்கட வீட்டில நிக்குது. அந்த இடத்தில ஒரு நல்ல செற்றி போடலாம் எண்டு மனுசி சொல்லாத நாளில்லை. சிநேகிதனுக்கு அண்டைக்குத் தேத்தண்ணி குடுத்து ஒருமாதிரிச் சமாளிச்சு அனுப்பிப்போட்டன். ஆனா அந்தக் குப்பை எண்ட சொல்லு மண்டைக்குள்ள நிண்டுகொண்டே இருக்கு. அதால இதை எழுதிறன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் பாரிசுக்கு வந்தது 2008 இல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில பௌதிக விஞ்ஞானம் படிச்சுக்கொண்டிருந்தனான். 2006 ஓகஸ்டில ஏ-9 பாதை பூட்டினாப் பிறகு படிப்பும் ஒழுங்கா நடக்கேல்லை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஒருமாதிரி வெளிக்கிட்டு வந்து சேந்தாப் பிறகு கிடைச்ச முதல் வேலை பதினோராம் வட்டாரத்தில ஒரு பிறசறியில பிளோஞ். கோப்பை கழுவிறது. இங்க இருக்கிற எங்கட ஆக்களில அரைவாசிப்பேர் இந்தப் படலையாலதான் உள்ள வந்தவை, அதால விளக்கம் தேவையில்லை.

அந்தக் கடையின்ர காவ், அதுதான் நிலத்துக்குக் கீழ இருக்கிற அறை, உருளைக்கிழங்கு மூட்டையும் வைன் பெட்டியளும் வைக்கிற இடம். அங்க பழைய மேசைவிரிப்புகளால மூடின ரண்டு பெரிய சாமான் கிடந்தது. ரண்டும் பின்போல் மெசின். 2009 இல ஒருநாள் பத்றோன் வந்து, "ரண்டில கூடப் பழுதாக் கிடக்கிறதைத் தூக்கி எறி, இடம் வேணும்" எண்டார். நானும் ஒரு மாலிப் பெடியனும் அதைக் கழட்டி, கோடாலியால நாலு போடு போட்டு, துண்டு துண்டா மேல கொண்டுபோய் றோட்டோரம் வைச்சனாங்கள். பக்கச் சட்டம் எல்லாம் மரம். கண்ணாடியில சிவப்புச் சட்டை போட்ட ஒரு பொம்பிளை சீட்டுக்கட்டோட நிண்டது ஞாபகம். கண்ணாடியையும் நான்தான் உடைச்சனான். குப்பைப் பைக்குள்ள போகவேணுமெல்லோ.

அது என்ன மெசின் எண்டு அண்டைக்கு எனக்குத் தெரியாது. பிறகு படிச்சுத்தான் தெரிஞ்சது: பக்கச் சட்டம் மரத்தில இருந்தா அது பொதுவா 1960க்கு முந்தினது. அமெரிக்காவில அந்தக் காலத்து மெசினுகளை 'வூட்றெயில்' எண்டு தனியாப் பேர் வைச்சுத் தேடித் திரியினம். நான் அதை இருபது நிமிசத்தில விறகாக்கினனான். சம்பளத்துக்குச் செய்த வேலைதான், பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஆனாலும் அந்தக் கண்ணாடி உடைஞ்ச சத்தம் இப்பவும் கேக்கும்.

சரி, விசயத்துக்கு வாறன். இந்த விளையாட்டுக்கும் பாரிசுக்கும் இருக்கிற சொந்தம் கன பேருக்குத் தெரியாது. புலோன் காட்டுக்குள்ள பகட்டெல் எண்டொரு சின்ன அரண்மனை இருக்கு. 1777 இல பதினாறாம் லூயி ராசாவின்ர தம்பி, ராணி மரி அந்துவானெத்தோட பந்தயம் பிடிச்சு 64 நாளில கட்டி முடிச்சது. சரிவான மேசையில ஆணி அடிச்சு, பந்தை உருட்டிக் குழிக்குள்ள விழுத்திற விளையாட்டுக்கு இந்த அரண்மனையின்ர பேர்தான் வந்தது எண்டு சொல்லுவினம். லீவு நாளில பிள்ளையளோட போய்ப் பாருங்கோ, ரோசாத்தோட்டமும் நல்லா இருக்கும்.

அரண்மனையில இருந்து குடிக்கிற கடைக்கு இறங்கி வர நூறு வருசம் எடுத்தது. மொன்ரேகு றெட்கிறேவ் எண்ட இங்கிலாந்துக்காரர் அமெரிக்காவில சின்சினாற்றி நகரத்தில குடியேறி, 1871 இல சுருள்வில்லு வைச்ச தள்ளுகோலுக்குக் காப்புரிமை எடுத்தார். நாங்கள் போளை அடிச்ச மாதிரி அவற்ர மேசையிலயும் போளைதான் ஓடினது. இண்டைக்கும் கன பின்போல் மெசினுகளில வலப்பக்கம் இழுத்து விடுற அந்தப் பிடி அவற்ர பிள்ளைதான். அவரும் ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைச்ச ஒரு மனிசன் எண்டதைக் குறிச்சு வையுங்கோ.

உண்மையான வெடி 1931 இல. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், அமெரிக்காவில வேலையில்லாத சனம் தெருத்தெருவாத் திரியுது. சிக்காகோவில டேவிட் கொட்லிப் எண்டவர் 'பஃபிள் போல்' எண்டொரு மேசைப்பெட்டியை 17 டொலர் 50 சதத்துக்கு வித்தார். ஒரு சதம் போட்டால் அஞ்சு ஏழு பந்து வரும். மின்சாரம் இல்லை, வெளிச்சம் இல்லை, புள்ளியைக் கூட மனக்கணக்காப் பாக்கவேணும். அம்பதாயிரத்துக்கு மேல வித்துது. ஓடருக்குச் சாமான் குடுக்கேலாமல் கொட்லிப் திணற, றேமண்ட் மொலோனி எண்ட வியாபாரி தானே 1932 இல 'பாலிஹூ' எண்டொரு மெசினைச் செய்து, ஏழு மாசத்தில அதுவும் அம்பதாயிரம் வித்தார். பாலி கொம்பனி பிறந்தது அப்பிடித்தான். சினிமாவுக்குப் போகக் காசில்லாதவன் ஒரு சதத்தில அரை மணித்தியாலம் தன்ர கவலையை மறந்தான். இந்த விளையாட்டு ஏழையளின்ர விளையாட்டாத்தான் பெரிசானது. இதை மறந்தா மிச்சம் ஒண்டும் விளங்காது.

1933 இல ஹரி வில்லியம்ஸ் எண்டவர் 'கொன்ராக்ட்' எண்ட மெசினில பற்றறி வைச்சு, பந்தை மின்சாரத்தால உதைச்சு வெளியில தள்ளவும் மணி அடிக்கவும் செய்தார். மெசினைத் தூக்கி ஆட்டிக் களவாப் புள்ளி எடுக்கிற ஆக்களை மடக்கிறதுக்கு 'ரில்ற்' கண்டுபிடிச்சதும் இவர்தான். பிறகு நிலைச்ச அமைப்பு சின்ன விசயம்தான்: ஒரு வளையத்துக்கு நடுவில ஒரு ஊசல்குண்டு தொங்கும். மெசினை உலுப்பினா குண்டு வளையத்தில முட்டும், சுற்று மூடும், ஆட்டம் முடிஞ்சுது. முதலாம் வருசப் பௌதிகம். இதில ஒரு பகிடி: அமெரிக்கனுக்கு ரில்ற் எண்டா தோல்வி. பிரெஞ்சுக்காரனோ "சா எ ஃபே தில்ற்" எண்டு சொன்னா மண்டைக்குள்ள திடீரெண்டு பொறி தட்டினது எண்டு அர்த்தம். கபேயில பிளிப்பர் விளையாடி விளையாடியே அந்தச் சொல்லு மொழிக்குள்ள வந்து குந்தியிட்டுது. மெசின் போயிட்டுது, சொல்லு இருக்கு.

இனித்தான் எனக்குக் கோவம் வாற இடம்.

1930களில கன மெசினுகள் காசைத் திருப்பித் தாற சூதாட்டப் பெட்டியளா இருந்தது உண்மை. சண்டியர் கூட்டங்களும் அதுக்குள்ள கைவைச்சது உண்மை. 1942 தையில நியூயோர்க் மேயர் லா கார்டியா பின்போலைத் தடைசெய்தார். பொலிசைக்கொண்டு கடை கடையாப் பறிச்சு, பெரிய சம்மட்டியால அடிச்சு நொருக்கினார். படம் பிடிக்க ஆக்களைக் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு நொருக்கினது. அந்தப் படங்கள் இப்பவும் இருக்கு. லொஸ் ஏஞ்சலிஸ், சிக்காகோ போல பெரிய நகரங்களிலயும் தடை இருந்தது.

லா கார்டியாவை முழுக்கப் பிழை சொல்ல நான் வரேல்லை. பிளோஞ்சில நிண்டு உழைச்ச மாசச் சம்பளத்தைக் குதிரைப் பந்தயத்திலயும் சுரண்டல் லொத்தரிலயும் விட்டிட்டு வீட்டு வாடகைக்குக் கடன் கேட்டு வந்த எங்கட பெடியளை எனக்குத் தெரியும். ஏழையின்ர சதத்தைப் பறிக்கிற பெட்டியில ஒரு மேயருக்குக் கோவம் வாறது நியாயம்தான். கோவம் எங்க பிழைச்சதெண்டா, தடை எழுதேக்க மெசின் ஒரு மாதிரி, பிறகு மெசின் வேற மாதிரி.

1947 இல கொட்லிப் கொம்பனியில ஹரி மப்ஸ் எண்டவர் 'ஹம்ப்ரி டம்ப்ரி' எண்ட மெசினில ஆறு சின்னக் கைகளை வைச்சார். பக்கத்தில இருக்கிற பொத்தானை அமத்தினா அந்தக் கை பந்தைத் திருப்பி அடிக்கும். அதுதான் பிளிப்பர். அடுத்த 1948 தையில ஜென்கோ கொம்பனியில ஸ்ரீவ் கோர்டெக் எண்டவர், ஆறு எதுக்கு, கீழ ரண்டு போதும் எண்டு 'ட்ரிப்பிள் அக்சன்' மெசினில வைச்சார். அவர் 2012 இல நூறு வயசில செத்தவர். அவர் வைச்ச அந்தக் கீழ் ரண்டும் இண்டைவரைக்கும் கீழதான் இருக்கு. அதுவரைக்கும் பந்தை விட்டிட்டுக் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டவன், 1947க்குப் பிறகு தன்ர கையால பந்தைக் காப்பாத்தலாம். அதிட்டம் திறமையா மாறின இடம் அது.

ஆனா சட்டம் மாறேல்லை. பிளிப்பர் வந்தும் 29 வருசம் நியூயோர்க்கில தடை கிடந்தது. ஒருக்கா எழுதின பைலை ஆரும் திறந்து பாக்கேல்லை. இதை வாசிக்கிற உங்களில கன பேருக்கு இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும். ஒருத்தன் முதல்நாள் எந்தப் பேரில உள்ள வந்தானோ, பிறகு அவன் எப்பிடி மாறினாலும் பைலில அதே பேர்தான்.

தடை நீங்கின கதை இன்னும் சுவாரசியம். 1976 சித்திரையில நியூயோர்க் நகரசபைக் குழுவுக்கு முன்னால றொஜர் சார்ப் எண்டொரு இளம் எழுத்தாளரைக் கொண்டுவந்து நிப்பாட்டினவை. இது அதிட்ட விளையாட்டில்லை, திறமை விளையாட்டு எண்டு நிரூபிக்கவேணும். ரண்டு மெசின் கொண்டுவந்திருந்தவை. ஒரு உறுப்பினருக்குச் சந்தேகம், உதை ஏற்கனவே சரிக்கட்டி வைச்சிருப்பீங்கள், மற்றதில விளையாடு எண்டார். சார்ப் மற்ற மெசினில நிண்டு, "இப்ப தள்ளுகோலை இழுத்து விடப்போறன், பந்து நடு வழியால இறங்கும்" எண்டு முன்கூட்டியே சொல்லிப்போட்டு இழுத்து விட்டார். பந்து நடு வழியால இறங்கினது. தடை போனது. அதில அதிட்டமும் இருந்தது எண்டு அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை முதல் முதல் வாசிச்ச அண்டைக்கு நான் வேலைக்குப் போற ட்ரெயினில இருந்தனான். இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிட்டன். அகதி விசாரணைக்குப் போய் வந்த ஒருத்தனுக்கு அந்த அறையைத் தெரியும். முன்னால மேசை, மேசைக்கு அங்கால நம்பாத முகங்கள். நீ சொல்லிறது உண்மையெண்டு நிரூபிக்க உனக்கு ஒரே ஒரு பந்து. சார்ப்பின்ர பந்து நடு வழியால போச்சு. என்ர முதல் பந்து போகேல்லை, ரண்டாவதுதான் போனது. என்னோட வந்த ஒருத்தனுக்கு ரண்டும் போகேல்லை. என்ர கதை உண்மை, அவன்ர கதையும் உண்மை. திறமை எங்க முடியுது, அதிட்டம் எங்க தொடங்குது எண்டு அந்த மேசைக்கு அங்கால இருக்கிறவைக்குத் தெரியிறேல்லை.

சரி, என்ர மெசினுக்கு வாறன். காவில மிஞ்சிக் கிடந்த ரண்டாவது மெசின் கொட்லிப் கொம்பனியின்ர 'சென்றல் பார்க்'. 1966. மேல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு குரங்கு இருக்கு. புள்ளி ஏற ஏற அது மணியில அடிக்கும். இதில ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. பேர் நியூயோர்க்கின்ர பூங்கா, ஆனா 1966 இல நியூயோர்க்கில அந்த மெசினை வைக்கேலாது. செய்தது சிக்காகோ, அங்கயும் தடை. பேர் வாங்கின ஊரிலயும் இடமில்லை, பிறந்த ஊரிலயும் இடமில்லை எண்டு கப்பலேறி வந்து பாரிசில ஒரு கபேயில நிண்டு உழைச்ச மெசின். நான் அதுக்குப் பக்கத்தில உருளைக்கிழங்கு உரிச்சுக்கொண்டிருந்தனான்.

கடைக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாற ஒரு கிழவர் இருந்தார். முந்தி ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை செய்த மனிசன். கீழ இப்பிடி ஒண்டு கிடக்கு எண்டு நான் அரைகுறைப் பிரெஞ்சில சொன்ன உடன, வைன் கிளாசை வைச்சிட்டுக் கீழ இறங்கி வந்திட்டார். முன்பக்கப் பலகையைத் திறந்து காட்டினார். ஐயோ, அதுக்குள்ள ஒரு ஊரே இருந்தது. துணி சுத்தின கலர் கலர் வயர், வரிசை வரிசையா ரிலே, புள்ளிச் சில்லுகள், நடுவில ஒரு சின்ன மோட்டர். ஒரு சிப் கூட இல்லை. கணக்குப் பாக்கிறது முழுக்கக் காந்தமும் செப்புத் தகடும்தான். "பழைய ரெலிபோன் எக்ஸ்சேஞ்சும் இதுதான், இதில சினேகிதரோட கதைக்கேலாது, அவ்வளவுதான் வித்தியாசம்" எண்டார்.

2011 இல பத்றோன் கடையை விக்கேக்க, "எடுத்துக்கொண்டு போறியெண்டா சும்மா கொண்டுபோ" எண்டார். காலைக் கழட்டி, தலையைக் கழட்டி, மரக்கறி ஏத்திற வானில நாலு பெடியள் பிடிச்சு ஏத்தினது. அடுத்த ரண்டு வருசம் ஒவ்வொரு திங்கக்கிழமையும், அண்டைக்குத்தான் எனக்கு லீவு, கிழவர் வீட்டுக்கு வருவார். மனுசி றொட்டியும் சம்பலும் குடுப்பா. உறைக்குது உறைக்குது எண்டுகொண்டே மூண்டு சாப்பிடுவார். பல்கலைக்கழகத்தில நான் விட்டிட்டு வந்த மின்சாரப் பாடத்தை ஒரு கிழட்டுப் பிரெஞ்சுக்காரனிட்டை மெசினுக்குக் கீழ படுத்துக்கிடந்து படிச்சனான்.

ஒரு உதாரணம் சொல்லுறன். பிளிப்பர் கையை இழுக்கிற சுருளுக்குள்ள ரண்டு சுத்து இருக்கு. ஒண்டு மொத்த வயர், பலத்தோட இழுக்கும். மற்றது மெல்லிசு, சும்மா பிடிச்சு வைச்சிருக்கும். கை மேல போய் முட்டிற அந்தக் கணத்தில ஒரு சின்னத் தகட்டுச் சுவிச் திறந்து, பலமான இழுவையைக் குறைச்சுப்போடும். அந்தச் சுவிச் திறக்காட்டிச் சுருள் எரிஞ்சு போகும். சுவிச்சில ஊத்தை பிடிச்சிருந்தா கைக்குப் பலமே இருக்காது. 1966 இல செய்த மெசினுக்கு எப்ப பலமா இழுக்கவேணும், எப்ப மெல்லப் பிடிச்சுக்கொண்டிருக்கவேணும் எண்டு தெரிஞ்சிருக்கு. இந்த ஞானம் எனக்கு நாப்பது வயசுக்குப் பிறகுதான் வந்தது.

இனி என்ர கருத்தைச் சொல்லுறன். சேகரிக்கிற ஆக்களுக்குள்ள ரண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, பழசைப் புத்தம் புதுசு மாதிரி ஆக்கி, பளபளப்பா ஒரு அறைக்குள்ள பூட்டி வைக்கும். விளையாட விடாது. 2020 கொரோனா அடைப்புக்குப் பிறகு விலை நல்லா ஏறினதால, இதைக் காணி வாங்கிற மாதிரி வாங்கிறவையும் கூடியிட்டினம். மற்றக் கட்சி, எது உடைஞ்சாலும் பரவாயில்லை எண்டு போட்டு அடிக்கும். நான் ரண்டுக்கும் நடுவில. ஆனா ஆர் பக்கம் சாய்வாய் எண்டு கேட்டா விளையாடிற பக்கம்தான்.

பூட்டி வைக்கிறவையின்ர நியாயம் எனக்கு விளங்கும். பின்கண்ணாடியில இருக்கிற படம் கண்ணாடிக்குப் பின்பக்கம் அச்சடிச்ச பெயின்ற். ஈரமும் சூடும் மாறி மாறி வந்தாச் செதில் செதிலா உதிரும். உதிர்ந்தது உதிர்ந்ததுதான். பந்து ஓடிற பலகையும் தேயும். ஆயிரக்கணக்கில செய்த மெசினுகளில மிஞ்சினது கொஞ்சம். அதால ஒவ்வொரு நாளும் நாள் முழுக்க அடிக்கவேணும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஓடாத மெசின் ஓடுற மெசினை விடக் கெதியாச் சாகும். ரிலேயின்ர தொடுபுள்ளியள் தொட்டுத் தொட்டுத்தான் சுத்தமா இருக்கும். சும்மா விட்டாக் கறுத்துப்போய், ஒருநாள் சுவிச்சைப் போட்டா ஒண்டும் அசையாது. மொழியும் அப்பிடித்தான், தனியாச் சொல்லத் தேவையில்லை.

அதோட, எல்லாத்தையும் புதுசாக்கிறதும் எனக்குப் பிடிக்காது. என்ர மெசினின்ர பக்கத்தில சிகரெட் வைச்சுச் சுட்ட ஏழு தழும்பு இருக்கு. காசு போடிற வாயில் இன்னும் பிராங் குத்திக்கு உரியது. 2002 இல யூரோக் குத்தி வந்தாப் பிறகு அதை மாத்த ஒருத்தரும் மினக்கெடேல்லை. அந்தத் தழும்புகளைத் தேய்ச்சு அழிச்சிட்டு பெயின்ற் அடிச்சா அது 1966 இல தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட மெசினா மாறியிடும். இடையில அந்தக் கபேயில நிண்ட ஆக்கள் எல்லாரும் காணாமல் போயிடுவினம். நான் மாத்தினது ஒண்டே ஒண்டு: மின்சார வயர். பழையதில நில இணைப்பு இல்லை. சரித்திரம் முக்கியம்தான், பிள்ளையளுக்குக் கறண்ட் அடிக்கக்கூடாது.

2019 இல குடும்பத்தோட புடாபெஸ்ற் போனாங்கள். அங்க ஒரு நிலக்கீழ் அறையில 2014 இல தொடங்கின பின்போல் அருங்காட்சியகம் இருக்கு. நூறுக்கு மேல மெசின். ஒருக்கா ரிக்கற் எடுத்தா நீங்கள் விரும்பின மட்டும் எல்லாத்திலயும் விளையாடலாம். கலிபோர்னியாவில அலமேடா நகரத்தில பசுபிக் பின்போல் மியூசியமும் அந்த மாதிரித்தான். "தொடாதே" எண்ட பலகை இல்லாத அருங்காட்சியகம். என்ர மகள் அங்க ஒரு மெசினுக்கு முன்னால நிண்டு, "அப்பா, எங்கட குரங்கும் இங்க வந்தா அதுக்குச் சினேகிதர் கிடைக்கும்" எண்டாள். பதில் சொல்லத் தெரியேல்லை.

இப்ப எங்கட ஆக்களுக்கு வாறன். நாங்கள் 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதை ஒவ்வொரு வருசமும் நினைக்கிறம். நினைக்கவேணும். ஏறத்தாழ 97,000 புத்தகம். அந்தக் காயத்தாலதான் 2005 இல நூலகம் திட்டம் மாதிரி ஒண்டு தொடங்கி, பழைய பேப்பர் சஞ்சிகை எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி வைச்சிருக்கினம், அவைக்குக் கோடி புண்ணியம். ஆனா கடதாசி இல்லாத சாமானுகள்? லா சப்பலில முதல் முதல் தமிழில எழுதித் தொங்கவிட்ட கடைப் பலகை எங்க? ரோசாப்பூ வித்த பெடியளின்ர வாளி எங்க? ஊருக்குக் கதைக்கச் சுரண்டின ரெலிபோன் கார்ட் எங்க? பேச்சைப் பதிஞ்சு அம்மா அனுப்பின கசற் எங்க? வீடு மாறேக்க நாங்களே எறிஞ்சம். எரிச்சவனைத் தெரியும், எறிஞ்சவன் ஆர் எண்டு கேட்டா நாங்கள்தான். கோடாலி பிடிச்ச கையோடதான் இதைச் சொல்லுறன்.

எங்களுக்கு வீரச்சாவு ஞாபகம் இருக்கு, பெரிய திகதியள் ஞாபகம் இருக்கு. வேலை முடிஞ்சு கடைசி மெத்ரோவுக்கு ஓடினது, எட்டுப்பேர் ஒரு அறையில படுத்தது, அந்த அறையில இருந்த ரைஸ் குக்கர், இதெல்லாம் சரித்திரம் இல்லை எண்டு ஆர் சொன்னது? ஒரு சதம் போட்டு விளையாடின வேலையில்லாதவன்ர பெட்டியை அமெரிக்கன் நூறு வருசம் கழிச்சுத் தேடிப்பிடிச்சு, துடைச்சு, இதுவும் எங்கட கதைதான் எண்டு வைச்சிருக்கிறான். எங்களுக்கு நாப்பது வருசம்தான் ஆகுது. இன்னும் பிந்தேல்லை. ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு சாமானைத் தன்னும் எறியாமல் வைச்சு, அது என்ன, ஆற்ரை, எந்த வருசம் எண்டு ஒரு துண்டுக் கடதாசியில எழுதி ஒட்டுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன். பிள்ளையளுக்குத் தொட்டுப் பாக்கவும் குடுங்கோ.

கிழவர் 2016 இல செத்துப்போனார். சாகிறதுக்கு முன்னால தன்ர சின்ன அரத்தை எனக்குத் தந்தவர், ரிலேப் புள்ளியள் துடைக்கிற அரம். மெசினுக்குள்ள ஒரு துண்டுக் கடதாசியில அவற்ர பேரையும், நாங்கள் திருத்தின வருசத்தையும், பதினோராம் வட்டாரத்துக் காவில இருந்து வந்தது எண்டதையும் எழதி ஒட்டியிருக்கிறன். அதுக்குக் கீழ, "இதுக்குப் பக்கத்தில இன்னொண்டு இருந்தது. மரச் சட்டம், சிவப்புச் சட்டைப் பொம்பிளை. நான் உடைச்சனான்" எண்டும் எழுதியிருக்கிறன்.

சிநேகிதனுக்கு: மச்சான், அடுத்த ஞாயிறு வா. முதல் பந்து உனக்கு.

சரி, அஞ்சு மணிக்கு வேலை, வெளிக்கிடவேணும்.